கடைசியாகத் தொட்டவன்

சுவரில் விழும் விரிசலைக் கடைசியாகப் பூசியவனின் குற்றமாகவே நாம் வாசிக்கிறோம். கண்ணுக்குத் தெரிவது பூச்சு ஒன்றுதான் என்பதால் இந்த வாசிப்பு இயல்பாகவே வந்துவிடுகிறது. இங்கிலாந்து வீடுகளின் உட்சுவர்களோடு சிறிது பழகியவர்களுக்கு அது எவ்வளவு அவசரமான தீர்ப்பு என்பது தெரியும்.

இந்தத் தடுப்புச் சுவர்களில் செங்கல் கிடையாது. 400 அல்லது 600 மில்லிமீட்டர் இடைவெளியில் மரச்சட்டங்களை நிறுத்துகிறார்கள். அவற்றின் இருபுறமும் பிளாஸ்டர் போர்டுகளைத் திருகாணியால் முடுக்குகிறார்கள். அதன்மேல் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஜிப்சம் பூச்சு. காகிதத்தையும் பாரிஸ் சாந்தையும் சேர்த்துப் பலகையாக்கும் முறைக்கு அமெரிக்கரான அகஸ்டின் சாக்கெட் 1894இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் விரைந்து வீடு கட்ட வேண்டியிருந்த பிரிட்டனில் இத்தகைய பலகைகள் பரவலாயின.

2021ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் என் சித்தப்பா, மாடியிலிருந்த பெரிய அறையைத் தமது வயதான மாமியாருக்காக இரண்டாகத் தடுத்தார். தச்சர்கள் சட்டமும் பலகையும் பொருத்திவிட்டு முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டு போனார்கள். பூச்சுக்கு ருமேனியர் ஒருவர் வந்தார். கண்ணாடி போலப் பூசினார். அவர் கூலியில் 200 பவுண்டை மட்டும், வண்ணம் அடித்து முடிந்ததும் தருவதாகச் சித்தப்பா நிறுத்திவைத்தார். பிப்ரவரியில் சுவரில் இரண்டு கோடுகள் தோன்றின. பணம் அப்படியே நின்றுபோயிற்று. ஆங்கிலம் சரளமாக வராத அவ்விருவருக்கும் நடுவே பேசும் பொறுப்பு எனக்கு வாய்த்தது.

"தம்பி, பக்கத்திலை நூறு வருசச் சுவர் அசையாமல் நிக்குது. நாலு மாசச் சுவர் வெடிச்சுப்போச்சு. அவன் ஒழுங்காப் பூசேல்லை" என்றார் சித்தப்பா.

விரிசலுக்கும் ஓர் எழுத்துமுறை உண்டு. பூச்சு மிக வேகமாக உலர்ந்தால் சிலந்தி வலைபோல நுண்கீறல்கள் எங்கும் பரவும். இங்கே அப்படியில்லை. முதல் கோடு, அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல உத்தரத்திலிருந்து தரைவரை நேராக இறங்கியது. நாடா வைத்து அளந்தேன். பக்கச் சுவரிலிருந்து 1200 மில்லிமீட்டர். இந்நாட்டில் ஒரு முழுப் பலகையின் அகலம் அதுதான். இரண்டாவது கோடு கதவு நிலையின் மேல்மூலையிலிருந்து கூரைக்கு ஏறியது. மூலையைச் சுற்றி வரும்படி ஒரே பலகையை வெட்டிப் பொருத்துவதே முறை. தச்சர்களோ நிலைக்கு நேர் மேலே ஒரு பலகையை முடித்து, மற்றொன்றைத் தொடங்கியிருந்தார்கள். கதவை அறைந்து சாத்தும் ஒவ்வொரு முறையும் அந்த இணைப்புதான் அதிர்ச்சியை வாங்குகிறது.

ஜிப்சத்தைச் சுமார் 150 பாகை செல்சியசில் சுட்டால் அதனுள் பிணைந்திருக்கும் நீரில் முக்கால் பங்கு பிரிந்துவிடும். அந்தப் பொடியில் நீர் சேர்த்ததும் இழந்ததைத் திரும்பப் பெற்று, ஊசி ஊசியான படிகங்களாகப் பின்னிக்கொள்கிறது. இறுகும்போது அது சுருங்குவதில்லை, சற்றே விரிகிறது. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதை இழுப்பது பெரும்பாலும் மரம்.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கே சுருங்கும். கட்டட வேலைக்கு வரும் சட்டத்தில் சுமார் 20 சதவீதம் ஈரம் இருக்கக்கூடும். குளிர்காலம் முழுவதும் வெப்பமூட்டி ஓடும் வீட்டில் அது 10, 12 சதவீதத்துக்கு இறங்கும். அதற்குள் 100 மில்லிமீட்டர் அகலச் சட்டம் 2 மில்லிமீட்டர் அளவுக்கு ஒடுங்கிவிடலாம். சில சட்டங்கள் முறுக்கிக்கொள்ளும். பலகை அவ்வாறு ஒடுங்குவதில்லை. ஆகவே அசைவெல்லாம் பலகையும் பலகையும் சந்திக்கும் கோட்டில் வந்து சேர்கிறது. அங்கே அதை மறிக்க இருப்பவை ஒரு நாடாவும் 2 மில்லிமீட்டர் பூச்சும்தான்.

நாடா இருந்ததா என்பதுதான் பூசியவர்மீது நியாயமாக எழக்கூடிய கேள்வி. கத்திமுனையால் கீறிப் பார்த்தோம். கண்ணாடியிழை வலைநாடா இருந்தது. காகித நாடாவாக இருந்திருந்தால் இன்னும் உறுதியாகப் பிடித்திருக்கும் என்பதும் உண்மை. ஆனால் வலைநாடா ஒட்டுவது இங்கே சாதாரண வழக்கம். அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது.

பிறகு சித்தப்பாவை அந்த நூறு வருசச் சுவரிடம் அழைத்துச் சென்றேன். மெல்லிய மரப்பட்டிகளை இடைவெளி விட்டு அறைந்து, விலங்கு மயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசிய பழைய சுவர் அது. அலமாரிக்குப் பின்னால் சுவர்க் காகிதம் உரிந்திருந்த இடத்தில் டார்ச் அடித்துக் காட்டினேன். அடியில் ஓடைகளின் வரைபடம்போல விரிசல்கள். அந்தச் சுவரும் வெடித்த சுவர்தான். அதன் மரம் என்றோ உலர்ந்து அடங்கிவிட்டது. மென்மையான சுண்ணாம்பு சிறு அசைவுகளுக்கு இடங்கொடுத்தது. மிச்சத்தைக் காகிதம் மூடிக்கொண்டது. சித்தப்பா வெகுநேரம் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.

மரம் அடங்க ஒரு குளிர்காலம் முழுதாகப் போகட்டும், அதன் பிறகு இணைப்பைச் சுரண்டிக் காகித நாடா ஒட்டிப் பூசலாம் என்பது முடிவு. மே மாதம் அந்த ருமேனியர் வந்து அரை நாளில் அதைச் செய்து கொடுத்தார். 200 பவுண்டும் அன்றே அவர் கைக்குப் போயிற்று. தச்சர்களைப் பற்றி அன்றும் யாரும் பேசவில்லை.

எந்த வேலையிலும் இறுதியில் வருகிறவன், தனக்கு முன்னால் வந்தவர்களின் பிழைகளையெல்லாம் தன் முகத்தில் ஏந்திக்கொள்கிறான். அவனுடைய கூலிதான் கடைசியில் கொடுக்கப்படுவது. ஆகவே பிடித்துவைக்க எளிதானதும் அதுவே. மரம் உலர்வதற்குக் காத்திருக்கும் பொறுமை நமக்கு இருக்கிறது. அந்தக் காலம் முழுவதும் இன்னொருவருடைய கூலியையும் சேர்த்துக் காக்கவைக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.