ரிஸ்ஸானியில் இறங்குங்கள்

மொராக்கோ போய் வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்பது, மணல்மேட்டில் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து எடுத்த படத்தைத்தான். மராகேஷில் வேனில் ஏற்றி, மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விடும் சுற்றுலாக்களில் அந்தப் படம் நிச்சயம் கிடைக்கும். ஆனால் ஊருக்கும் மணலுக்கும் நடுவே இருக்கிற நாட்டை அதில் வருகிறவர்கள் தூங்கியபடியே கடந்துவிடுகிறார்கள். என் ஆற்றாமை அதுதான்.

தனியாகப் போகிறவர்களுக்கு அங்கே பெரிய துணை கிராண்ட் டாக்ஸி. முன்பெல்லாம் பழைய மெர்சிடிஸ் கார். டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர் என்று நெருக்கி உட்காருவார்கள். இப்போது பெரும்பாலும் டாசியா. ஆறு பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். அவசரம் என்றால் காலி இடங்களுக்கும் சேர்த்து நாமே காசு கொடுக்கலாம். கொடுக்காமல் காத்திருப்பதே நல்லது. எர்ஃபூத் என்ற ஊரின் ஸ்டாண்டில் அப்படிக் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா என்னைக் கேட்காமலேயே என் கையில் ரொட்டியைப் பிய்த்து வைத்தார்.

மணலுக்குப் போகும் வழியில் இருக்கிற ரிஸ்ஸானியில் செவ்வாய், வியாழன், ஞாயிறு சந்தை. சந்தைக்கு வருகிறவர்கள் கழுதைகளைக் கட்டிவைக்கத் தனித் திடலே உண்டு. ஊரை ஒட்டிக் கிடக்கும் மண்சுவர் இடிபாடுகள்தான் சிஜில்மாசா. எட்டாம் நூற்றாண்டில் எழுந்த அந்த நகரம், சகாராவைத் தாண்டி வந்த தங்கத்தால் செழித்தது. 1352இல் பயணி இப்ன் பதூதா இங்கேதான் ஒட்டகங்களும் நான்கு மாதத் தீவனமும் வாங்கிக்கொண்டு மாலிக்குப் புறப்பட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நம் மதுரைக்கு வந்து, அங்கே பரவிய கொள்ளைநோயைக் கண்டு எழுதிவைத்தவரும் அவர்தான். அந்தச் சுவர்களின் அருகே நின்றபோது மதுரை எனக்குத் தூரமாகத் தெரியவில்லை.

எர்ஃபூதிலிருந்து தினெஜ்தாத் போகும் சாலையில், வெட்டவெளியில் கறையான் புற்றுகளைப் போல மண்மேடுகள் வரிசையாகப் போகும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி. அவைதான் கெத்தாரா. நிலத்தடி நீர் இருக்கும் இடத்திலிருந்து மெல்லிய சரிவாகக் கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் வெட்டி, எந்த இறைப்பும் இல்லாமல் தண்ணீரைத் தோட்டம்வரை நடத்தி வந்திருக்கிறார்கள். சுரங்கத்தில் போவதால் தண்ணீர் வெயிலில் ஆவியாகாது. அந்தக் குழிகள் தூர்வாருவதற்கு. ஒன்றில் படி இறங்கிப் பார்த்தேன். சுவரெல்லாம் கொத்திய தடம் அப்படியே இருக்கிறது, தரையில் புழுதி. அடுத்தடுத்த வறட்சி, 1971இல் சிஸ் ஆற்றின் குறுக்கே வந்த அணை, ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் என எல்லாமாகச் சேர்ந்து பல கெத்தாராக்களை வற்றவைத்துவிட்டன.

"எங்கள் முறை நடுராத்திரியில் வரும். அப்பாவுக்கு லாந்தர் பிடிக்க நான் போவேன்" என்றார் மேலே காவலிருந்த பெரியவர். தண்ணீரை நாழிகை பிரித்துப் பங்கிட்ட ஊர்க்கட்டுப்பாட்டைப் பற்றி அவர் பேசிக்கொண்டே போனார். சாலையில் சுற்றுலா வேன்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.

மெர்சூகாவில் உள்ள எர்க் செப்பி மணல்மேடுகள் அழகுதான், மறுக்கவில்லை. அங்கே போகிறவர்கள் இரண்டு நாளாவது ரிஸ்ஸானி, எர்ஃபூத் பக்கத்துக்கு ஒதுக்க வேண்டும். அக்டோபர் என்றால் இன்னும் நல்லது. எர்ஃபூதில் பேரீச்சைத் திருவிழா நடக்கும் மாதம் அது. தோட்டக்காரர்களே பழத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர்களிடமே கேளுங்கள்.