பதினான்கு கறுப்புப் பட்டிகள்

விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி எழுதுவது எமது வழக்கமன்று. மைதானத்தின் ஆரவாரம் மக்களை மயக்கும் மதுவென்று எண்ணி வந்தவர்கள் நாம். அவ்வெண்ணத்தை முற்றாகக் கைவிட்டுவிட்டோம் என்றும் சொல்வதற்கில்லை. ஆயினும் சென்ற தை மாதம் எம் வீட்டுத் திண்ணையில் நிகழ்ந்த ஓர் உரையாடல், நாம் நெடுங்காலம் திறவாதிருந்த ஓர் ஏட்டைத் திறக்கச் செய்துவிட்டது.

எம்மிடம் கற்றுப் பின்னர் அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பெற்ற மாணவர் ஒருவர் எம்மைக் காண வந்திருந்தார். பாடசாலை நாட்களில் விளையாட்டுப் போட்டியன்று மரநிழலில் நித்திரை கொள்ளும் பேர்வழி அவர். இன்றோ சனிக்கிழமை தோறும் கறுப்பும் பொன்னிறமுமான மேலங்கி அணிந்து, தொலைக்காட்சியின் முன் நின்று கூக்குரலிடுபவராக மாறியிருக்கிறார். தமது பல்கலைக்கழகக் கோஷ்டி தோற்றால் அன்று அவர் வீட்டில் அடுப்பெரிவதில்லையாம். நாம் நகைத்தோம். அவர் நகைக்கவில்லை.

"சேர், உங்களுக்கு இது விளங்காது" என்றார்.

விளங்கிக்கொள்ள முயன்றோம். அவர்கள் உதைபந்தாட்டம் என்று கூறுவது எமது உதைபந்தாட்டமன்று. பந்தைக் கையிலே தாங்கி ஓடுவதும், எறிவதும், எதிரியை மோதி வீழ்த்துவதுமே அதிற் பெரும்பகுதி. 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் திகதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகளின் மாணவர்கள் தமக்குள் ஆடிய ஆட்டமே கல்லூரிகளுக்கிடையிலான முதற்போட்டி என்பர். இன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மாத்திரம் 107,601 பேர் அமரலாம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களே இத்தகைய கோஷ்டிகளை நடத்துவதால், பெரும்பாலான மாநிலங்களில் மக்கள் பணத்தில் இயங்கும் நிறுவனங்களிலே அதிக சம்பளம் பெறுபவர் மாநில ஆளுநருமல்லர், நீதியரசருமல்லர். ஒரு விளையாட்டுப் பயிற்றுநர். 2023இல் டெக்சாசிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் தன் பயிற்றுநரை விலக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க நேர்ந்த தொகை ஏறத்தாழ ஏழரைக் கோடி டொலர். வேலையை விட்டு நிறுத்துவதற்கான கூலி அது! இவ்வரிகளை வாசிக்கும் ஆசிரிய நண்பர்கள் தமது ஓய்வூதியப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்துக் கொள்ளலாம்.

ஆனால் எமது மாணவர் பேசியது பணத்தைப் பற்றியன்று, பகையைப் பற்றி. மிசூரிக்கும் அயல் மாநிலமான கன்சாசுக்கும் 1891 தொடக்கம் போட்டி நடந்து வந்தது. இப்பகைக்கு வித்திட்டது பந்தல்ல. மிசூரி அடிமை மாநிலம். கன்சாசில் அடிமைமுறை இருக்கலாமா என்பதை அங்கு குடியேறுவோரே தீர்மானிக்கட்டும் என்று 1854இல் சட்டமியற்றினார்கள். எல்லையின் இருபுறத்தாரும் துப்பாக்கியுடன் தீர்மானிக்கத் தொடங்கினார்கள். 1861இல் கன்சாஸ் சுதந்திர மாநிலமாயிற்று. 1863இல் குவான்ட்ரில் என்பவனின் படை கன்சாசின் லோறன்ஸ் நகரை எரித்து, ஆண்களும் சிறுவர்களுமாக ஏறத்தாழ நூற்றைம்பது பேரைக் கொன்றது. அந்த லோறன்ஸ் நகரிலேதான் கன்சாஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. பேரன்மார் பந்தைக்கொண்டு பொருதியது பாட்டன்மாரின் கணக்கைத்தான். இத்தனை இரத்தமும் முறிக்காத அத்தொடர்பை 2011இன் பின்னர் முறித்தது எது தெரியுமா? மிசூரி, அதிக வருவாய் தரும் வேறொரு கழகக் கூட்டமைப்புக்கு மாறிவிட்டது. உள்நாட்டுப் போராலும் நிறுத்த முடியாத பகையைத் தொலைக்காட்சிப் பணம் நிறுத்திற்று. 2025 செப்டம்பரில் மீண்டும் ஆடினார்கள். மிசூரி 42க்கு 31 என வென்றது. அன்றிரவு தாம் அழுததாக எமது மாணவர் ஒளியாமற் சொன்னார்.

இரசிகர்கள் தீராமல் வாதிடுவது பயிற்றுநர்களின் முடிவுகளைப் பற்றியே. 1966இல் தோல்வி காணாத இரு கோஷ்டிகளான நோத்ர் டாமும் மிச்சிகன் ஸ்டேற்றும் மோதின. ஆட்டம் 10க்கு 10. ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரமே எஞ்சியிருந்தபோது பந்து நோத்ர் டாமின் கையில் இருந்தது. அதன் பயிற்றுநர் பார்சீகியன் வெற்றிக்கு முயலாமல், பந்தைப் பத்திரமாகத் தரையோடு நகர்த்தி நேரத்தைக் கழித்துச் சமநிலையை ஏற்றார். முதலிடத்துப் பட்டமும் கிடைத்தது. கோழை என்ற பட்டமும் கிடைத்தது. 1984 ஜனவரியில் நெப்ராஸ்காவின் ஒஸ்போர்ன் இதற்கு நேர்மாறாக நடந்தார். கடைசி நிமிடத்தில் மயாமிக்கு எதிராக 31க்கு 30 என நெருங்கியாயிற்று. பந்தை உதைத்து ஒரு புள்ளி பெற்றாற் சமநிலை. அவ்வாண்டுப் பட்டமும் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். அவரோ வெற்றிக்கான இரண்டு புள்ளிகளுக்கு முயன்றார். எறிந்த பந்தை எதிரி தட்டிவிட்டான். தோற்றார், அன்றுதொட்டு இன்றுவரை அதற்காகவே போற்றப்படுகிறார்.

1966இன் அந்த ஆட்டத்தில் யாவரும் பேசாத ஒன்றும் உண்டு. மிச்சிகன் ஸ்டேற்றின் கறுப்பின வீரர்களிற் பலர் தென்மாநிலத்தவர். தங்கள் சொந்த மாநிலத்துப் பெரும் பல்கலைக்கழகங்களில் ஆட அனுமதிக்கப்படாமையால் வடக்கே வந்தவர்கள். நோத்ர் டாமில் ஒரேயொரு கறுப்பின வீரர், அலன் பேஜ். அவர் பிற்காலத்தில் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதியரசரானார்.

"இதெல்லாம் ஆட்டத்துக்குள்ளே எடுத்த முடிவுகள், தம்பி. ஆட்டத்துக்கு வெளியே எடுத்த முடிவொன்றும் இல்லையா?" என்று கேட்டோம். அப்போதுதான் அவர் வயோமிங் கதையைச் சொன்னார்.

வயோமிங் மிகப் பரந்த, மக்கள் அருகிய மாநிலம். 1970இல் அதன் குடித்தொகை மூன்று இலட்சத்து முப்பதினாயிரமளவே. அங்கு பல்கலைக்கழகம் ஒன்றுதான்; அது லாரமி என்னும் மலைநகரில் உள்ளது. ஆகவே அந்தக் கோஷ்டி மாநிலம் முழுவதற்கும் குலதெய்வம் போன்றது. லொயிட் ஈட்டன் என்ற பயிற்றுநரின் கீழ் 1966, 1967, 1968 என மூன்றாண்டுகள் தொடர்ந்து தன் பிரிவின் முதலிடத்தைப் பெற்றிருந்தது. 1969லும் முதல் நான்கு ஆட்டங்களில் வெற்றி. ஐந்தாவதாக எதிர்கொள்ள இருந்தது யூட்டாவிலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தை. அது மோர்மன் திருச்சபைக்குரியது. அத்திருச்சபை அக்காலத்தில் கறுப்பின மக்களுக்குக் குருத்துவத்தை மறுத்து வந்தது. 1978இலேயே அத்தடை நீங்கியது. முந்திய ஆண்டு ஆட்டத்தில் எதிர்க்கோஷ்டியார் தம்மை இழிசொற்களால் ஏசியதாகவும் வயோமிங்கின் கறுப்பின வீரர்கள் கூறினர்.

ஆட்டத்துக்கு முதல்நாள், ஒக்டோபர் 17ஆந் திகதி, பதினான்கு கறுப்பின வீரர்கள் சாதாரண உடையில், கையிற் கறுப்புப் பட்டி கட்டிப் பயிற்றுநரைக் காணச் சென்றனர். கோஷ்டித் தலைவர்களுள் ஒருவரான ஜோ வில்லியம்சும் அவர்களுள் இருந்தார். மைதானத்தில் அப்பட்டியை அணியலாமா என்று கலந்து பேசவே சென்றதாக அவர்கள் கூறினர். வீரர்கள் ஆர்ப்பாட்டங்களிற் பங்குபற்றக்கூடாது என்பது ஈட்டனின் விதி. அவர் அவர்களை உள்ளரங்கின் படிவரிசைகளில் அமரச் செய்து, பேச வாய்ப்பளியாமலே, பதினால்வரையும் கோஷ்டியிலிருந்து நீக்கினார். இதற்குச் சென்ற நேரம் பத்து நிமிடமளவு.

அன்றிரவே பல்கலைக்கழக ஆட்சிக்குழு கூடிற்று, ஆளுநரும் வந்தார், பயிற்றுநரின் முடிவு நிலைநாட்டப்பட்டது. மறுநாள் வயோமிங் 40க்கு 7 என வென்றது. மாணவர் பேரவையும் ஆசிரியருள் ஒரு பகுதியினரும் வீரர்களின் பக்கம் நின்றனர். மாநிலத்தின் பெரும்பான்மையோ ஈட்டனைக் கொண்டாடிற்று. இதனை நாம் எளிதிற் கண்டித்துவிடலாம். ஆனால் நேற்றுவரை அந்த வில்லியம்சின் பெயரைச் சொல்லிக் கைதட்டியவர்களும் அதே மக்கள்தாம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அவர்கள் நேசித்தது சட்டையின் நிறத்தை, சட்டைக்குள் இருந்தவனையல்ல. ஈட்டனும் இனவெறி பிடித்த அரக்கன் என்று சொல்லிவிட முடியாது. அக்கறுப்பின இளைஞர்களை அழைத்து வந்து சேர்த்தவரே அவர்தான். ஒழுங்கு என்ற ஒரு சொல்லே அவருக்குப் போதுமாயிருந்தது.

அடுத்த ஆட்டத்திலும் வென்றார்கள். பின்னர் அவ்வாண்டின் கடைசி நான்கிலும் தோல்வி. 1970இல் பத்து ஆட்டங்களில் ஒன்றே வெற்றி. ஈட்டன் அத்தோடு பயிற்றுநர் பதவியை விட்டார். வீரர்கள் தொடுத்த வழக்கும் தோற்றது: அரசாங்க மைதானத்தில் ஒரு மதத்தின் கொள்கைக்கு எதிரான சின்னத்தை அனுமதிப்பது அரசின் மதச்சார்பின்மைக்குப் பிழை என்று நீதிமன்றம் கண்டது. சட்டம் சில வேளைகளில் எவ்வளவு நுட்பமாகக் கண்ணை மூடிக்கொள்கிறது! 2019இலே, ஐம்பதாண்டுகள் கழித்து, பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2020இல், எஞ்சியிருந்த அம்முதியவர்கள் அதே மோர்மன் திருச்சபையோடு சேர்ந்து ஏழைகளுக்கு உணவு பகிர்ந்தனர். இச்செய்தி எம்மை ஓரளவு வெட்கப்படுத்திற்று. நாம் பகையை அவ்வளவு விரைவில் விடுபவரல்லர்.

எமது மாணவர் நேரிற் கண்டது 2015. மிசூரிப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் இன இழிவுகளுக்கெதிராகப் போராடினர். ஜொனதன் பட்லர் என்ற மாணவர் தலைவர் பதவி விலகும்வரை உண்ணாவிரதம் இருப்பதாக நவம்பர் 2ஆந் திகதி தொடங்கினார். நிருவாகம் அசையவில்லை. 7ஆந் திகதி இரவு, கோஷ்டியின் கறுப்பின வீரர்கள் முப்பது பேரளவில், தலைவர் விலகாவிடில் ஆடமாட்டோம் என அறிவித்தனர். மறுநாள் பயிற்றுநர் கேரி பிங்கெல், வெள்ளையரும் கறுப்பருமான முழுக் கோஷ்டியுடனும் நின்று எடுத்த படத்தை வெளியிட்டு, தாம் அவர்களோடு நிற்பதாகச் சொன்னார். 9ஆந் திகதி தலைவர் விலகினார். ஒருவாரப் பட்டினியால் ஆகாதது இருநாளில் ஆயிற்று. ஏனெனில் வரவிருந்த ஆட்டத்தை ஆடாவிட்டால் பல்கலைக்கழகம் பத்து இலட்சம் டொலர் செலுத்த வேண்டியிருந்தது. தொழிலாளி கையை மடக்கினால் ஆலை நிற்கும் என்ற பழைய பாடந்தான். அந்த ஆட்டத்தில் எதிர்க்கோஷ்டி எது என்று கேட்டோம். அதே பிரிகாம் யங்.

பிங்கெலுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கலாம். வீரர்களைப் பகைத்தால் மறு ஆண்டு யார் வந்து சேருவர்? இருக்கட்டும். அக்கணக்கு ஈட்டனிடமும் இருந்திருக்க வேண்டியதே. மிசூரியின் சட்டசபை உறுப்பினர் ஒருவர், ஆட மறுக்கும் வீரரின் உதவிப்பணத்தைப் பறிக்கும் மசோதாவொன்றைக் கொண்டுவந்து பின்னர் மீளப் பெற்றார். அவர்கள் உதவிப்பணம் பெறும் மாணவர்களாம், தொழிலாளரல்லராம். அச்சொல்லாட்சியே 1950களில், காயமுற்ற வீரர்களுக்கு நட்டஈடு கொடாதிருக்கும்பொருட்டு விளையாட்டுச் சங்கத்தார் உருவாக்கியது என்பதை, அச்சங்கத்தின் தலைவராயிருந்த வால்ற்றர் பையர்சே பிற்காலத்தில் எழுதிவைத்தார். 2025இலேயே பல்கலைக்கழகங்கள் வீரருக்கு நேரடியாகப் பணம் வழங்க வழி பிறந்தது.

மாணவர் விடைபெற்றுச் சென்றபின் எமக்கு உறக்கம் வரவில்லை.

1976இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரு கிராமப் பாடசாலையில் நாம் இளம் ஆசிரியர். உதைபந்தாட்டக் கோஷ்டிக்குத் துணைப் பொறுப்பாளர். அயற்கிராமத்தில் ஓர் ஆட்டம். ஆட்டத்தின் முன் அவ்வூர்ப் பெரியவர் ஒருவரின் வீட்டில் எமது பிள்ளைகளுக்கு மதிய உணவு. கோஷ்டியில் மூவருக்கு மாத்திரம் முற்றத்தில், தனிப் பேணியில் தண்ணீர் என்பது ஊரறிந்த ஏற்பாடு. முதல்நாள் அம்மூவரும் வந்தனர். ஆடுகிறோம், அவ்வீட்டுக்கு வரமாட்டோம், எல்லாருமாகப் பாடசாலையிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டனர். அவ்வளவே கேட்டனர். பொறுப்பாசிரியர் ஒழுங்கு என்ற சொல்லைச் சொன்னார். எமது கையெழுத்து அழகானது ஆகையால், புதிய பட்டியலை எழுதும்படி எம்மிடம் தாளைத் தந்தார்.

எழுதினோம். எட்டாண்டுகளுக்கு முன், 1968இல், மாவிட்டபுரக் கோயில் வாசலில் நின்றவர்களை ஆதரித்துக் கவிதை எழுதிய அதே பேனா. நாளை பார்த்துக்கொள்ளலாம், தலைமையாசிரியரிடம் பேசலாம் என்று எம்மை நாமே தேற்றிக்கொண்டோம். ஆட்டத்தில் வென்றோம், ஊர் எம்மைத் தோளிற் சுமந்தது. மூவரும் மறு தவணை பாடசாலைக்கு வரவில்லை. நாமும் எவரிடமும் பேசவில்லை.

அம்மூவருள் ஒருவர் கோல் காப்பவர். மாணவர் வந்துபோன மறு வாரம் அவரைத் தேடிச் சென்றோம். எம்மிலும் பத்து வயதளவே இளையவர். தலை முழுதும் நரைத்திருந்தது. கதிரை எடுத்துப் போட்டார், தேநீர் தந்தார். சொல்லவேண்டியதை ஒருவாறு சொல்லி முடித்தோம். அவர் நெடுநேரம் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், அண்டைக்கு என்ன ஸ்கோர்? நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை."

"மூண்டுக்கு ஒண்டு."

"நான் நிண்டிருந்தா அந்த ஒண்டும் போயிராது" என்றார்.