வெளுத்துப்போன கறுப்பு

என் ஸ்கூட்டரின் முன் மட்கார்டு நாலு வருஷ வெயிலில் சாம்பல் பூத்துவிட்டது. கால் வைக்கும் இடத்தின் கறுப்பு பிளாஸ்டிக்கும் அப்படியே. தேங்காய் எண்ணெய் தடவினால் இரண்டு நாள் கறுப்பாக இருக்கும், மூன்றாம் நாள் புழுதி அப்பிக்கொள்ளும். பழைய வண்டி வாங்கி விற்கும் நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "எண்ணெய் போடுறதை நிறுத்து. புதுப்பேட்டையில ஒருத்தர் இருக்காரு, காட்டுறேன் வா" என்றார்.

போவதற்கு எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. போன வருஷம் ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியைக் கழுவிக் கொடுத்தபோது சீட் முழுக்க பாலிஷ் அடித்திருந்தார்கள். பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலில் பிரேக் பிடித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி வழுக்கி, ஒரு பக்கமாகச் சரிந்து தார்ச்சாலையில் விழுந்தாள். முழங்காலில் நாலு தையல். பளபளப்புக்காக ஏன் இதைச் செய்கிறார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

புதுப்பேட்டையைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூவம் கரை, எழும்பூர் பக்கம், பிரித்துப்போட்ட கதவுகளும் சைலன்சர்களும் தொங்கும் தெருக்கள். ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பி இரண்டு சந்து தள்ளி, ஒரு தகரக் கொட்டகையின் கீழ் அவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். மடித்துக் கட்டிய கைலி, வெறுங்கால். கால்விரல் இடுக்குகளில் நீல மருந்து பூசியிருந்தார். நாள் முழுக்க ஈரத்தில் நிற்பதால் சேற்றுப்புண். பெயரை எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்; காரணம் பிறகு புரிந்தது. கொட்டகைப் பையன்களைப் போல நானும் அவரை அண்ணன் என்றே எழுதுகிறேன்.

செய்யாறு பக்கத்து கிராமத்திலிருந்து பன்னிரண்டு வயதில் வந்திருக்கிறார். முதல் வேலை அம்பாசிடர் பம்பரைத் துடைப்பது. குரோம் பூசிய இரும்பு பம்பர். பிராசோ போட்டு, திருப்பூர் பனியன் வேஸ்டால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்வரை விடக் கூடாதாம். "இரும்பு நேர்மையான பொருள் சார். கெட்டுப்போனா துரு கட்டும், செவப்பா சொல்லிடும். பிளாஸ்டிக்கு உள்ளுக்குள்ளயே சாவும். சொல்லாது." சொல்லிக்கொண்டே என் மட்கார்டில் கட்டைவிரலை அழுத்தி இழுத்துக் காட்டினார். விரலில் மாவு போல வெள்ளை ஒட்டியிருந்தது.

அந்த மாவு என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வண்டிகளின் பெயின்ட் அடிக்காத கறுப்புப் பகுதிகள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அதன் சொந்த நிறம் மங்கிய வெள்ளை. கார்பன் கரி கலந்துதான் கறுப்பாக வார்க்கிறார்கள். அந்தக் கரி ஓரளவு வெயிலையும் தாங்கிக்கொள்ளும். ஆனாலும் வருஷக்கணக்கில் புற ஊதாக் கதிர் படும்போது மேல்தோலில் உள்ள நீண்ட மூலக்கூறு இழைகள் அறுந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து பொடிந்துபோகின்றன. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. ஒளி அவற்றில் பட்டு நாலாபுறமும் சிதறுவதால் நமக்கு வெளுப்பாகத் தெரிகிறது. காய்ந்த அம்மிக்கல் சாம்பல் நிறமாக இருக்கும், தண்ணீர் ஊற்றினால் கறுத்துவிடும், இல்லையா? எண்ணெய் செய்வதும் அதைத்தான். வெடிப்பை நிரப்பி ஒளி சிதறாமல் தடுக்கிறது. எண்ணெய் போனதும் அம்மி காய்ந்துவிடுகிறது.

பிளாஸ்டிக்கில் சாதி பிரிக்கத் தெரிவதுதான் தொழிலின் பாதி என்கிறார் அண்ணன். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பாகத்தின் உட்புறத்திலும் அச்சில் எழுத்து புடைத்திருக்கும் என்பதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். பிபி என்று இரண்டு எழுத்து இருந்தால் பாலிப்ரொப்பிலீன். ஏபிஎஸ் என்று மூன்று எழுத்து இருந்தால் பைக்கின் சைடு பேனல், ஹெட்லைட் டூம் வகை. கூட்டல் குறி போட்டு நீளமாக எழுதியிருந்தால் ரப்பர் கலந்த பம்பர். "ரெண்டு எழுத்து கொஞ்சம் முரட்டு உடம்பு, தாங்கும். மூணு எழுத்துக்கு பெட்ரோல், தின்னர் காட்டவே கூடாது. அப்பவே ஒண்ணும் ஆவாது. ஒரு மாசம் கழிச்சு ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து கோடு விடும்." ஹெட்லைட் கண்ணாடியிலும் இரண்டு எழுத்துதானே என்று கேட்டேன். அது பாலிகார்பனேட், எழுத்து பிசி. "அது கண்ணாடின்னு பாத்தாலே தெரியுதே சார், அதுக்கு எழுத்து எதுக்கு?"

பிறகு பிரஷ்ஷை எடுத்தார். அன்று நான் பார்த்தவற்றில் இன்னும் மனதில் நிற்பது அதுதான். இரண்டு இஞ்ச் பெயின்ட் பிரஷ். முடியைப் பாதிக்கு மேல் கத்தரித்திருந்தார். நீளமாக இருந்தால் மடங்கிவிடும், குட்டையாக இருந்தால்தான் பிளாஸ்டிக்கின் ரவை ரவையான மேற்பரப்பில் இறங்கிக் கிளறும். தகர வளையத்தின் மேல் சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கி மாட்டியிருந்தார். கை தவறினாலும் பெயின்டில் தகரம் பட்டுக் கீறக் கூடாது. அந்த ஒரு பிரஷ் எட்டு வருஷமாக ஓடுகிறது. டியூப்பை மட்டும் நாலு தடவை மாற்றியிருக்கிறார். கைப்பிடியில் அவருடைய கட்டைவிரல் பதியும் இடம் குழிந்திருந்தது.

வண்டியை நிழலுக்குத் தள்ளி, சூடு ஆறும்வரை காத்திருந்தார். கை வைத்தால் சுடும் பிளாஸ்டிக்கில் ஷாம்பு உடனே காய்ந்து கறையாகிவிடும். முதலில் வெறும் தண்ணீர், மணல் ஓடும்வரை. அடுத்து ஷாம்பு நுரையில் பிரஷ்ஷை நனைத்துச் சின்னச் சின்ன வட்டமாக. வெள்ளை நுரை பழுப்பாயிற்று, பிறகு கறுப்பு. "இது அழுக்கு இல்ல சார். நீங்க போட்ட தேங்கா எண்ணெ, அதுக்கு முன்னாடி எவனோ போட்ட சிலிகான்." மூன்று முறை அலசினார். நான்காம் முறை நுரை வெள்ளையாகவே நின்றது. துணியால் அழுத்தித் துடைத்தபோது துணியிலும் ஒன்றும் ஒட்டவில்லை. அதற்குப் பிறகுதான் மேல்பூச்சைப் பற்றிப் பேசுவேன் என்றார். கழுவுவதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. சென்னை போர்வெல் தண்ணீர் காய்ந்தால் உப்புப் பொட்டு விடும் என்பதால், கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர்.

பக்கத்துக் கொட்டகையில் ஓர் இளைஞர் ஹீட் கன் வைத்து ஒரு பம்பரைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார். காற்று பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறம் நொடியில் கறுப்பாக மாறியது, பார்ப்பவருக்கு வித்தைதான். அண்ணனுக்கு அதில் கோபம். பொடிந்த மேல்தோலை உருக்கி மூடுவதுதான் அது. சில மாதங்களில் வெளுப்பு திரும்பும், மறுபடி சுட வேண்டும், ஒவ்வொரு முறையும் ரவை அழியும், கொஞ்சம் அதிகம் காட்டினால் பம்பர் நெளிந்துவிடும். செராமிக் கோட்டிங் செய்யும் ஏசி அறையையும் நண்பர் காட்டினார். அங்கே எனக்கு எதுவும் பிடிபடவில்லை, பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன்.

அண்ணன் போட்ட பூச்சு தண்ணீரில் கலந்த பால் போன்ற திரவம். ஸ்பாஞ்சில் ஒரு ரூபாய்க் காசு அளவு. தேய்த்து, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட்டார். தொட்டால் கையில் ஒட்டவில்லை. இதுவும் நிரந்தரம் இல்லை, ஆனால் தடவிய எண்ணெயைப் போல வழியாது, சில மழைக்கு நிற்கும். சீட், ஹேண்டில் கிரிப், ஃபுட்ரெஸ்ட், டயர் தரையில் படும் இடம், பிரேக் டிஸ்க் ஆகியவற்றின் பக்கமே ஸ்பாஞ்ச் போகவில்லை. மனைவி விழுந்த கதையைச் சொன்னேன். கையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பையனுக்கு யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க சார். பத்து நிமிஷத்துல ஒரு வண்டின்னு கணக்கு. கழுவ நேரம் இல்ல. அதான் பாலிஷ்."

காலையில் அவருக்கு வேறொரு வேலை இருக்கிறது. ஒரு கார் ஷோரூமின் பின்புறத்தில், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம். புது வண்டி டெலிவரிக்கு முன் 'பாதுகாப்புப் பூச்சு' என்று பில்லில் ஆயிரக்கணக்கில் ஒரு வரி சேர்க்கிறார்கள். அந்த வேலையை அரை மணியில் முடிக்கச் சொல்கிறார்கள். பொருளும் கேனில் வரும் மலிவான சிலிகான். அண்ணனுக்கு வண்டிக்கு 100 ரூபாய். வண்டி வராத நாளில் அதுவும் கிடையாது. கையுறை கிடையாது, ரப்பர் பூட்ஸ் கிடையாது, புண் வந்தால் மருந்துக் காசு அவருடையது. ஷோரூமுக்கு அவர் யாரென்றே தெரியாது. ஒப்பந்தக்காரர் 'ஆள் அனுப்புகிறார்', அவ்வளவுதான். வண்டியைத் தொட்டவரைத் தவிர மற்ற எல்லோரும் அந்த வரியில் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். இதைத் தொழில் ஏற்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. திறமை உள்ளவனுக்கு நேரம் கொடுக்காமல், அவன் செய்யத் தெரிந்த வேலையைச் செய்யவிடாமல், அந்த அரைகுறையை முழு விலைக்கு விற்பது திருட்டு. வாங்குகிற நாமும் பளபளப்பைப் பார்த்ததும் தலையாட்டிவிடுகிறோம்.

இன்னொரு மாற்றத்தையும் அண்ணன் சொன்னார். முன்பெல்லாம் காரில் விலை குறைந்த மாடலுக்குத்தான் கறுப்பு பம்பர். காசுள்ளவர் வாங்குவது வண்டி நிறத்தில் பெயின்ட் அடித்தது. இன்று பல லட்சம் பெறும் எஸ்யூவிக்களில் சக்கரத்தைச் சுற்றியும் கதவுக்குக் கீழும் கறுப்பு பிளாஸ்டிக்தான். வெளுக்கப்போகும் பரப்பு பெருகியிருக்கிறது. அதைக் கழுவத் தெரிந்த கை பெருகவில்லை. அவருடைய மகன் உணவு டெலிவரிக்குப் போகிறான். கொட்டகைப் பையன்களில் ஒருவனுக்கு மட்டும் பிரஷ் வெட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

கூலியாக 250 ரூபாய் கேட்டார். நான் அதிகம் கொடுத்தபோது மீதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

மட்கார்டு புதுக் கறுப்பாகிவிடவில்லை. பொடிந்துபோன தோல் போனதுதான், யாரும் அதைத் திருப்பித் தர முடியாது. ஆழ்ந்த கரிச்சட்டி நிறத்தில், பளபளப்பில்லாமல், விரலில் எதுவும் ஒட்டாமல் இருக்கிறது. அடுத்த முறை வாட்டர் வாஷுக்குப் போகும்போது வண்டியை நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள். சீட்டிலும் ஃபுட்ரெஸ்டிலும் பாலிஷ் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவசரப்படுத்தாமல் ஒரு மணி நேரம் கொடுங்கள். காசைக் கழுவியவர் கையிலேயே கொடுங்கள்.