கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர்கள்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போதெல்லாம் என் நினைவில் இரண்டு கடைவீதிகள் தோன்றும். ஒன்று, நான் பிறந்து வளர்ந்த திருச்சியின் பெரிய கடைவீதி. மற்றொன்று, 2017ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நடந்த நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூ. முதல் வீதியை ஒட்டிச் செய்த பிழை ஒன்றை இரண்டாம் வீதியில்தான் உணர்ந்தேன்.

என் மகள் நியூஜெர்சியில் வசிக்கிறாள். “அப்பா, இந்த நாள்களில் இங்கு வந்துவிட்டு, கடைகளின் கண்ணாடிக் காட்சிகளைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்பலாமா?” என்று சொல்லி, ஒரு மாலை ரயிலில் அழைத்துச் சென்றாள். ஒன்றும் வாங்கப் போகாதவனுக்குக் கடைவீதியில் என்ன வேலை என்று எனக்குத் தயக்கம். ஏழு வயதுப் பேரனோ என்னை இழுக்காத குறையாக நடந்தான்.

முதலில் 34ஆம் தெருவிலுள்ள மேசிஸ் அங்காடி. இந்தக் கண்ணாடிக் காட்சிகளை அந்நகரில் பரப்பிய முன்னோடிகளுள் இந்நிறுவனமும் ஒன்று. 14ஆம் தெருவில் இயங்கி வந்த காலத்தில், 1874ஆம் ஆண்டிலேயே, பல நாட்டுப் பீங்கான் பொம்மைகளை அடுக்கிக் கதைக் காட்சிகளை அமைத்துக் காட்டினார்களாம். பெரிய கண்ணாடித் தகடுகள் கிடைக்கத் தொடங்கிய காலம் அது. கடைக்குள் நுழையத் தயங்கும் ஏழையும் வெளியே நின்று கண்ணாரக் காணலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

அங்கிருந்து ஐந்தாம் அவென்யூவுக்கு நடந்து, 38ஆம் தெரு முனையிலிருந்த லார்ட் அண்ட் டெய்லர் கடையை அடைந்தோம். 1914இல் எழுந்த அக்கட்டடத்தில் ஒரு புதுமை உண்டு. காட்சிகளை நிலவறையில் முழுவதுமாக அமைத்து முடித்து, மின்தூக்கி போன்ற பொறியால் தெருமட்டத்திற்கு உயர்த்திவிடுவார்கள். 1938ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு அக்கடையினர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். விற்பனைப் பொருள் ஒன்றையும் வைக்காமல், பொன்னிற மணிகள் அசைந்தாடும் காட்சியை மட்டும் வைத்தார்கள். மணியோசையும் தெருவில் ஒலித்தது. பொருளாதார நெருக்கடியால் மக்கள் வாடியிருந்த காலம் அது. விலை கேளாமல் கண்டு மகிழ ஒரு பரிசு கிடைத்ததுபோல் மக்கள் திரண்டார்கள்.

நாங்கள் சென்ற மாலையிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. குளிரில் தந்தையர் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தனர். கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி நின்ற பேரன் திடீரெனத் திரும்பி, “தாத்தா, இதையெல்லாம் யார் செய்தது?” என்றான்.

“கீழே, நிலவறையில் பலர் பல நாள் உழைத்திருக்கிறார்கள்” என்றேன்.

“அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைக்க நேரம் இருக்குமா?”

எனக்கு விடை தெரியவில்லை. சற்றுத் தள்ளி ஒரு சிறு கடை இருந்தது. அதன் கண்ணாடி பக்கவாட்டிலும் திரும்பியிருந்ததால், உள்ளே நின்ற ஆடைப் பொம்மையின் முதுகு தெரிந்தது. முன்புறம் மடிப்புக் குலையாத பட்டாடை. பின்புறமோ வரிசையாகக் குண்டூசிகள்! அங்கேயே நின்றுவிட்டேன். அது என் தந்தையின் கைவேலைபோல் இருந்தது.

அப்பா பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். முகப்பிலிருந்த பொம்மைகளுக்குச் சேலை உடுத்துவதும் அவர் பொறுப்பே. விழாக்காலத்தில் நள்ளிரவை நெருங்கும்வரை கடை திறந்திருக்கும். ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தாடை எடுத்துக் கொடுக்கும் அப்பா, எங்களோடு சேர்ந்து குடில் கட்டியதே இல்லை.

1962ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. நள்ளிரவுத் திருப்பலி தொடங்கிய பிறகு, கடையிலிருந்து நேராக அப்பா ஓடி வந்தார். கசங்கிய சட்டை. அதன் காலரில் கழற்ற மறந்த குண்டூசிகள். பிரசங்கம் தொடங்கியதும் உறங்கிவிட்டார். பின்னாலிருந்த சிறுவர்கள் சிரித்தார்கள். நான் அவர் அருகிலிருந்து மெல்ல நகர்ந்து, அவர் யாரோ என்பதுபோல் உட்கார்ந்துகொண்டேன். வீடு திரும்பும் வழியில், “மற்றவர்களின் அப்பாக்கள் எல்லாம் நேரத்தோடு வருகிறார்களே!” என்று சீறினேன்.

“அடுத்த வருஷம் சீக்கிரம் வந்துடறேன் ராசா” என்றார்.

அந்த ‘அடுத்த வருஷம்’ வரவே இல்லை. 1981இல் அப்பா இறைவனடி சேர்ந்தார். நான் நகர்ந்து உட்கார்ந்ததை அவர் கவனித்தாரா என்று கேட்கவும் இல்லை. மன்னிப்பு வேண்டவும் இல்லை.

கனத்த மனத்தோடு மேலே நடந்தேன். 49ஆம் தெருவருகே சாக்ஸ் அங்காடியில் ஸ்னோ ஒயிட் கதையைக் காட்சிகளாக வைத்திருந்தார்கள். எதிரே ராக்ஃபெல்லர் மையத்தில் வானளாவிய மரம் ஒளிர்ந்தது. அந்த மரத்தின் வரலாற்றை மகள் சொன்னாள். 1931இல் வேலையின்மை நாட்டை வாட்டிய வேளையில், அங்குக் கட்டட வேலை செய்த தொழிலாளர்களே தங்களுக்குள் காசு சேர்த்து 20 அடி உயர மரம் ஒன்றை நட்டார்களாம். காகிதத் தோரணமும் தகரத் துண்டுகளுமே அதன் அலங்காரம். அம்மரத்தடியில் வரிசையாக நின்று அவர்கள் கூலி பெறும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. இன்று உலகமே வியக்கும் அலங்காரத்தின் தொடக்கம், உழைத்துக் களைத்த கைகள் வைத்த மரம்!

சாக்ஸ் அங்காடியை அடுத்திருப்பது தூய பேட்ரிக் பேராலயம். உள்ளே சென்றோம். விழாவிற்கு இன்னும் நாள் இருந்ததால் குடிலில் இயேசு பாலனை வைக்கவில்லை. சுற்றிலும் இடையர்கள் காத்திருந்தார்கள். மீட்பர் பிறந்த செய்தி, இரவு முழுதும் கிடை காத்து விழித்திருந்த வேலைக்காரர்களுக்கு அல்லவா முதலில் அறிவிக்கப்பட்டது! களைத்த சட்டையோடு ஓடிவந்த என் அப்பாவையும் அவர்கள் நடுவே கண்டேன். முழந்தாளிட்டு, 55 ஆண்டுகள் தாமதமாக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஏன் தாத்தா அழுகிறாய்?” என்ற பேரனுக்கு, அன்றிரவு ரயிலில் கொள்ளுத்தாத்தாவின் கதையைச் சொன்னேன்.

நாங்கள் கண்ட லார்ட் அண்ட் டெய்லர் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. கண்ணாடிக் காட்சிகள் வரும், போகும். அவற்றின் பின்னால் நிற்கும் மனிதர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள்.

அன்புப் பெற்றோரே, இந்த ஆண்டு விழாத் துணிகளைக் கடைசி இரவுவரை தள்ளிப்போடாமல் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். ஐம்பது சேலைகளை விரித்துக் காட்டும் அந்தச் சகோதரரிடம், “வீட்டில் பிள்ளைகள் நலமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நள்ளிரவுத் திருப்பலிக்கு யாரேனும் தாமதமாக வந்து, களைப்பில் கண்ணயர்ந்தால், உங்கள் பிள்ளைகளைச் சிரிக்க விடாதீர்கள். சற்று நகர்ந்து அவருக்கு இடம் கொடுங்கள்.