நார்வேப் பையனும் நாற்பது பிட் பூட்டும்

அன்புள்ள மல்லிகா,

டல்லாஸிலிருந்து உன் அண்ணன் ஆசையாகக் கொண்டுவந்த டிவிடி உங்கள் வீட்டுப் பிளேயரில் ஓட மாட்டேன் என்கிறது என்று பொரிந்து தள்ளியிருக்கிறாய். அண்ணனைத் திட்டாதே, பிளேயரையும் தட்டாதே. அமெரிக்காவில் விற்கும் டிஸ்க்குக்கு மண்டல எண் 1, நமக்கு 5. படக் கம்பெனிகள் வேண்டுமென்றே உலகத்தைப் பாகப்பிரிவினை செய்து வைத்தார்கள். ஒரு ஊரில் படம் தியேட்டரில் ஓடும்போது வேறு ஊர் டிஸ்க் வந்து வசூலைக் கெடுக்கக் கூடாதாம். கம்ப்யூட்டர் டிரைவில் இந்த எண்ணை ஐந்து தடவை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் கடைசியாக வைத்த மண்டலத்திலேயே நின்றுவிடும். உன் பிள்ளைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்.

சரி, பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டால் ஏன் ஒரே கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று கேட்டாயே, வம்பு அங்கேதான் இருக்கிறது. 1996-ல் சிஎஸ்எஸ் என்று ஒரு பூட்டைக் கொண்டுவந்தார்கள். படத்தை 40 பிட் சாவியால் கலைத்துப்போட்டு வைப்பார்கள். அந்தச் சாவி டிஸ்க்கின் உள்வளையத்தில் ஒளிந்திருக்கும். நீ ஃபைலை இழுக்கும்போது கலைந்த படம் மட்டும் வரும், சாவி வராது. கடையில் வாங்கும் வெற்று டிஸ்க்கில் அந்த வளையத்தில் எழுதவே முடியாதபடி முன்கூட்டியே கெடுத்து வைத்திருப்பார்கள்.

கூத்து என்னவென்றால், திருட்டு டிஸ்க் அச்சடிக்கும் ஆலைக்காரனுக்கு இதனால் ஒரு கஷ்டமும் இல்லை. அவன் பூட்டையும் சாவியையும் சேர்த்து அப்படியே அச்சு எடுத்துவிடுவான், அதுவும் ஜம்மென்று ஓடும். அப்படியானால் பூட்டு யாருக்கு? காசு கொடுத்து வாங்கி ஒரு பிரதி எடுத்து வைக்க நினைக்கிற உனக்கும் எனக்கும், அனுமதி வாங்காமல் பிளேயர் தயாரிக்க நினைக்கிறவனுக்கும். சாவி வேண்டுமானால் கையெழுத்துப் போட வேண்டும், மண்டல எண்ணை மதிக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். காப்பியைத் தடுக்கிற பூட்டு என்று பேரே தவிர, பிளேயர் கம்பெனிகளின் மூக்கணாங்கயிறுதான் அது என்பது என் கட்சி.

இப்போது கேள். 1999 அக்டோபர். யோன் லெக் யோஹான்சன் என்று நார்வேயில் ஒரு பையன், 15 வயது. இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து இந்தப் பூட்டைத் திறக்கும் ஒரு குட்டி நிரலை இணையத்தில் விட்டான். டி-சிஎஸ்எஸ் என்று பெயர். அந்த இரண்டு பேரும் முகம் காட்டவே இல்லை. பூட்டைத் திறந்த சூட்சுமம் ஜெர்மனிக்காரர் ஒருவருடையது, தான் செய்தது திரையில் தெரிகிற முகப்பு என்று பையனே கோர்ட்டில் சொன்னான். ஆனாலும் 'டிவிடி யோன்' என்ற பட்டம் இவனுக்குத்தான். ஊர் வாயை மூட முடியுமா?

சாவி எப்படிச் சிக்கியது தெரியுமோ? ஒவ்வொரு பிளேயர் கம்பெனிக்கும் தனித்தனிச் சாவி கொடுத்திருந்தார்கள். அதை மென்பொருளுக்குள் மறைத்து வைக்க வேண்டும் என்பது விதி. ஜிங் என்ற ஒரு பிளேயரில் மறைக்காமல் விட்டுவிட்டார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை நிலைப்படி மேல் வைத்துப் போன கதை! இப்படி ஆகும் என்று எதிர்பார்த்து, நானூறுக்கும் மேற்பட்ட சாவிகளை முதலிலேயே வகுத்து வைத்திருந்தார்கள். ஒன்று கசிந்தால், அடுத்து வரும் டிஸ்க்குகளில் அதை மட்டும் செல்லாமல் ஆக்கிவிடுவது என்று திட்டம். திட்டமெல்லாம் நல்ல திட்டம்தான், கணக்குதான் பலவீனம். 40 பிட் என்றால் காகிதத்தில் ஒரு லட்சம் கோடிக்கு மேல் சாத்தியங்கள் வரும். ஆனால் ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்பவர் உள்ளே இருந்த குறுக்குவழிகளைக் காட்டிக்கொடுத்த பிறகு, வீட்டுக் கம்ப்யூட்டரே எந்தச் சாவியும் கையில் இல்லாமல் திறந்தது.

2000 ஜனவரியில் போலீஸ் பையன் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரையும் செல்போனையும் அள்ளிக்கொண்டு போனது. அதே மாதம் நல்ல மாணவன் என்று அவனுக்கு ஒரு பரிசும் கிடைத்தது, போ! வழக்கு இழுத்தடித்து 2003 ஜனவரியில் ஆஸ்லோ கோர்ட் விடுதலை செய்தது. அவன் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை அவனே திறந்து பார்த்தால் அது எப்படிக் குற்றமாகும் என்றார்கள். அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது, டிசம்பரில் அங்கேயும் விடுதலை.

அமெரிக்காவில் கதை நேர்மாறு. நியூயார்க் நீதிபதி கேப்லன் 2000-ல், '2600' என்ற பத்திரிகை அந்த நிரலை வெளியிடக் கூடாது, அது கிடைக்கும் இடத்துக்கு இணைப்புக்கூடக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டார். தடை போட்டால் சும்மா இருப்பார்களா? டி-ஷர்ட்டில் அச்சடித்தார்கள். சேத் ஷோயன் என்பவர் முழு நிரலையும் ஹைக்கூவாகவே எழுதிவிட்டார். ஃபில் கார்மடி 2001-ல் அந்த நிரலைத் தனக்குள் அடக்கிய ஒரு மாபெரும் பகா எண்ணைக் கண்டுபிடித்தார். ஒரு எண்ணைக் கைது செய்ய முடியுமா, சொல்!

நம் நாட்டில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. எண்ணம் என்ற இடத்தில்தான் நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கொஞ்சம் கருணை காட்டுகிறது.

சட்டம் கிடக்கட்டும், டிஸ்க்கிலிருந்து படத்தை வெளியே எடுப்பதை ரிப் பண்ணுவது என்று பையன்கள் சொல்வார்கள், அது பெரிய வித்தை இல்லை. டிஸ்க்குக்குள் விஓபி என்று ஃபைல்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்குள் நறுக்கியிருக்கும். படமும் ஒலியும் அதில்தான். ஐஎஃப்ஓ என்பது எது எங்கே என்று சொல்லும் வழிகாட்டி, பியூபி அதற்கு நகல். அதையெல்லாம் வெளியே எடுத்து எம்கேவி ஃபைலுக்குள் அப்படியே அடுக்கினால் தரம் குறையாது, இடம்தான் அடைக்கும். சுருக்கி எம்பி4 ஆக்கினால் இடம் மிச்சம், கொஞ்சம் தெளிவு போகும். சப்டைட்டில் காணாமல் போயிற்றே என்று அலறாதே. டிவிடியில் அது எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. அதனால் எம்பி4-ல் அது ஒழுங்காக ஏறாது.

இன்னொரு வேடிக்கை. சினிமா விநாடிக்கு 24 பிரேம், நம் ஊர் முறை 25. அதற்கு ஏற்ப அந்தப் படங்களைக் கொஞ்சம் வேகமாக ஓட்டித்தான் இந்த ஊர் டிவிடியில் ஏற்றுவார்கள். இரண்டு மணி நேரப் படம் கிட்டத்தட்ட ஐந்து நிமிஷம் முன்னாடியே முடிந்துவிடும். அண்ணன் டிஸ்க் அமெரிக்க முறை, அதில் இந்த அவசரம் கிடையாது.

இதையெல்லாம் விட்டுவிட்டு, முதலில் உன் கல்யாண டிவிடியை எடு. ஸ்டூடியோக்காரர் எழுதிக்கொடுத்ததில் எந்தப் பூட்டும் கிடையாது, சட்டமும் குறுக்கே வராது. ஆனால் எழுதின டிஸ்க்கின் சாயம் வருஷம் போகப் போக வெளுக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடு. மாற்றும்போது நலங்குப் பகுதியில் உன் நாத்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது இரண்டாவது டிஸ்க்கில் வருகிறதா என்று பார்த்து எழுது. எனக்கு அந்த இடம் வேண்டும்.

உன்,
வத்சலா