சீசனைத் திறந்து வைக்கும் ஆட்டம்

2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. காக்களூரில் ஒரு வீடு. சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் பட்டறைக்குப் போகும் இருபத்திரண்டு வயசுப் பையன் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஐ.சி.எப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா. வெம்பிளியில் லிவர்பூலும் கிரிஸ்டல் பேலஸும் ஆடுகிற கம்யூனிட்டி ஷீல்டு. லீக் சாம்பியனும் எப்.ஏ. கோப்பை வென்ற அணியும் மோதும் ஒரே ஒரு ஆட்டம், அவ்வளவுதான். அது முடிந்தால் அடுத்த வாரம் லீக் ஆரம்பம். 2-2 என்று போய் பெனால்டியில் பேலஸ் ஜெயித்தது.

"பெரியப்பா, நம்ம நாட்டுல சீசன் எந்த மேட்ச்ல ஆரம்பிக்குது?"

"முதல்ல சீசன் ஆரம்பிக்கட்டும்டா, அப்புறம் சொல்றேன்."

பெரியப்பா சும்மா கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்த வாரம்தான் சென்னையின் எப்.சி. தன் வேலைகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்திருந்தது. இந்தியன் சூப்பர் லீகை நடத்துவதற்கான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் லீக் எப்போது தொடங்கும், தொடங்குமா என்றே யாருக்கும் தெரியாத நேரம்.

"ஆனா ஒரு காலத்துல நம்மகிட்டயும் இந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சு. சூப்பர் கப்புனு பேரு" என்றார்.

அந்த சூப்பர் கப் கதை எத்தனை பேருக்குத் தெரியும்? கிரிக்கெட்டில் 1997ல் யார் எத்தனை ரன் எடுத்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் ஊர் இது!

முதலில் இங்கிலாந்துக்காரர்கள் எப்படி ஆரம்பித்தார்கள் என்று பார்த்துவிடலாம். 1898ல் லண்டன் ஷெரீப் பெயரில் ஒரு கேடயம். சம்பளம் வாங்காமல் ஆடும் கனவான்களில் ஒரு அணி, சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை அணிகளில் ஒன்று, இரண்டும் மோதும். வசூல் தர்ம காரியத்துக்கு. அதிலிருந்து பிறந்ததுதான் 1908ல் வந்த சேரிட்டி ஷீல்டு. முதல் ஆட்டம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கும். 1-1 டிரா. திரும்ப ஆடியபோது யுனைடெட் 4-0.

இன்றைக்கு நாம் பார்க்கும் ஒழுங்கு முதல் நாளிலேயே வந்துவிடவில்லை. ஒரு வருஷம் தொழில்முறை ஆட்டக்காரர்களும் அமெச்சூர்களும் மோதினார்கள். 1950ல் உலகக் கோப்பைக்குப் போன இங்கிலாந்து அணியும், அதே வருஷம் கனடா சுற்றுப்பயணம் போன அணியும் மோதின. 1959ல்தான் சீசன் தொடக்கத்துக்கு நிரந்தரமாக வந்தது. அதன் பிறகும் 1972ல் லீக் சாம்பியன் டெர்பி கவுண்டி ஆட மறுத்துவிட்டது, கோப்பை வென்ற லீட்ஸும் வரவில்லை. மான்செஸ்டர் சிட்டியையும் ஆஸ்டன் வில்லாவையும் வைத்து ஒப்பேற்றினார்கள். 1974ல் வெம்பிளிக்குக் கொண்டுபோனார்கள். அந்த முதல் வெம்பிளி ஆட்டத்திலேயே கெவின் கீகனும் பில்லி பிரெம்னரும் அடித்துக்கொண்டு வெளியேற்றப்பட்டார்கள். தர்ம ஆட்டத்தில்! 2002ல் வசூல் கணக்கு பற்றி அறக்கட்டளை ஆணையம் கேள்வி கேட்க, 'சேரிட்டி' போய் 'கம்யூனிட்டி' ஆனது. இத்தனை கோணல் இருந்தும், உலகப் போர்களையும் அவற்றை ஒட்டிய வருஷங்களையும் தவிர, வருஷா வருஷம் நடந்தது. அந்த ஆட்டத்தின் பலமே அதுதான்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

1996 டிசம்பரில் தேசிய கால்பந்து லீக் தொடங்கியது. அதற்கு முன் இந்தியாவில் நாடு தழுவிய லீக் என்று ஒன்று கிடையாது. கல்கத்தா லீக், கோவா லீக், சென்னை லீக் என்று ஊருக்கு ஒன்று. அப்புறம் டூரண்ட், ரோவர்ஸ், பெடரேஷன் கோப்பை என்று கோப்பைகள். லீக் வந்ததும் லீக் சாம்பியனையும் பெடரேஷன் கோப்பை சாம்பியனையும் மோதவிடலாம் என்று 1997ல் வந்ததுதான் சூப்பர் கப். முதல் கோப்பை ஈஸ்ட் பெங்காலுக்கு. 1998லும் 1999லும் சல்காவ்கர். பிறகு மூன்று வருஷம் சத்தமே இல்லை. 2003ல் மறுபடி நடந்து மஹிந்திரா யுனைடெட் வென்றது. அப்புறமும் ஒரு இடைவெளி. பிற்பாடு மோகன் பகானும் டெம்போவும் வென்றார்கள். கடைசி ஆட்டம் 2011ல். அந்த முறை சல்காவ்கர் லீக், பெடரேஷன் கோப்பை இரண்டையும் ஜெயித்திருந்ததால், இரண்டிலும் இரண்டாவதாக வந்த ஈஸ்ட் பெங்காலைக் கூப்பிட்டார்கள். ஈஸ்ட் பெங்கால் பெனால்டியில் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது. அத்தோடு சரி. அந்த ஆட்டத்துக்கு யாரும் விடை கொடுத்ததாகக்கூடத் தெரியவில்லை. அடுத்த வருஷம் நடக்கவில்லை, அப்புறமும் நடக்கவில்லை.

ஜெயித்தவர்கள் பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். கல்கத்தாவின் இரண்டு பெரிய கிளப்புகளை எடுத்துவிட்டால் மிச்சம் எல்லாம் கம்பெனி டீம். சல்காவ்கரும் டெம்போவும் கோவாவின் சுரங்கக் கம்பெனிகள். மஹிந்திரா பற்றிச் சொல்லவே வேண்டாம். முதல் லீக்கை வென்ற ஜேசிடி, பஞ்சாபில் பக்வாராவில் இருந்த துணி மில்லின் அணி. பாய்ச்சுங் பூட்டியாவும் விஜயனும் அந்த மில் சட்டையைப் போட்டு ஆடியவர்கள்தான். நம் பக்கத்திலிருந்து அந்த லீக்கில் ஆடியதும் ஒரு வங்கியின் அணி, சென்னை இந்தியன் பேங்க்.

காக்களூர் மாதிரி ஊரில் இருப்பவனுக்கு இது சட்டென்று புரியும். கம்பெனி டீம் என்றால் பந்து மட்டும் இல்லை, வேலை. காலையில் பயிற்சி, மதியம் ஆபீசில் கையெழுத்து, மாசம் பிறந்தால் சம்பளம், கால் உடைந்தாலும் சம்பளம். பெரியப்பாவோடு ஐ.சி.எப்.பில் வேலை பார்த்தவர்களில் பலர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவர்கள். திருவள்ளூரிலிருந்து மின்சார ரயில் பிடித்து வில்லிவாக்கத்தில் இறங்கினால் அந்த வேலை இருந்தது.

மஹிந்திரா 2010ல் அணியைக் கலைத்தது. சூப்பர் கப் கடைசியாக நடந்த அதே 2011ல் ஜேசிடியும் கலைந்தது. சல்காவ்கரும் டெம்போவும் 2016ல் ஐ-லீகை விட்டு வெளியேறின. கம்பெனிகளையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. எப்போது தொடங்கும் எப்போது முடியும் என்று தெரியாத லீகில் எந்த முதலாளி எத்தனை வருஷம் பணம் போடுவான்?

2018ல் சூப்பர் கப் என்ற பெயர் திரும்பி வந்தது. ஆனால் இது வேறு. சீசன் முடிவில் பல அணிகள் ஆடும் நாக்-அவுட் போட்டி. 2019ல் சென்னையின் எப்.சி. இறுதி வரை போய் கோவாவிடம் 1-2 என்று தோற்றது. அதே வருஷம்தான் கோயம்புத்தூரை வைத்து ஆடிய சென்னை சிட்டி எப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. பழைய ஏற்பாடு உயிரோடு இருந்திருந்தால் அடுத்த சீசனைத் திறந்து வைக்கும் ஆட்டத்தில் ஒரு தமிழ்நாட்டு அணி இறங்கியிருக்கும். அந்தப் பாக்கியம் இல்லை. இரண்டே வருஷத்தில் அந்த அணியும் தேசிய லீகில் இல்லாமல் போனது.

"டூரண்ட் கப் நடக்குதே பெரியப்பா?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. 1888ல் சிம்லாவில் தொடங்கியது, ஆசியாவிலேயே பழையது, 2019லிருந்து சீசன் தொடக்கத்தில் நடக்கிறது. நீலகிரி வெலிங்டனின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955லும் 1958லும் அதை ஜெயித்திருக்கிறது! ஆனால் அது ஒரு மாசம் ஓடுகிற போட்டி. போன வருஷ சாம்பியன்கள் இருவர் நேருக்கு நேர் நின்று 'இன்றிலிருந்து புது வருஷம்' என்று அறிவிக்கிற ஆட்டம் இல்லை. 2025ல் அதில் ஐ.எஸ்.எல். அணிகள் ஆறுதான் ஆடின. சென்னையின் அதிலும் இல்லை.

பையனின் கவலை வேறு. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வயசு வரம்பு 25. மனு போட வேண்டுமென்றால் கையில் சான்றிதழ் வேண்டும், சான்றிதழ் வேண்டுமென்றால் போட்டி நடந்திருக்க வேண்டும், அதில் அவன் ஆடியிருக்க வேண்டும். மேலே தேசிய லீக் எப்போது என்று தெரியாமல் நிற்கும்போது கீழே இருப்பவனுக்கு யார் தேதி சொல்வார்கள்? தள்ளிப்போன சீசனைப் பிறகு நடத்திக்கொள்ளலாம். வயசைத் தள்ளிப்போட முடியாதே.

செப்டம்பரும் போனது, லீக் வரவில்லை. கடைசியில் அக்டோபர் 25ஆம் தேதி கோவாவில் எதை வைத்துத் தொடங்கினார்கள் தெரியுமா? சூப்பர் கப்பை வைத்து! லீக் இல்லாத குறைக்கு, 2011ல் விட்ட வேலையை அந்தப் பெயர் மறுபடி எடுத்துக்கொண்டது. ஒரே பிரிவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், சென்னையின், அப்புறம் டெம்போ. ஆமாம், அதே டெம்போ. ஐ-லீகுக்குத் திரும்பி வந்திருந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் வந்து ஈஸ்ட் பெங்காலோடு 2-2, மோகன் பகானோடு 0-0.

காக்களூரில் பையன் செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்து போனில் ஸ்கோர் பார்த்துவிட்டு பெரியப்பாவை எழுப்பிச் சொன்னான்.

"டெம்போவா? இன்னும் இருக்காங்களா?" என்று அவர் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் தேடினார்.