மூன்று கைக்குழந்தைகளும் இரண்டு கைகளும்

ஒன்ராறியோவில் லைசென்ஸ் உள்ள ஏஜென்சியின் கீழ் வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே நேரத்தில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஆறு பேர்தான். அந்த ஆறு பேருக்குள் இரண்டு வயது நிரம்பாதவர்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது. நாலு வயதாகாத சொந்தப் பிள்ளை இருந்தால் அதுவும் எண்ணிக்கையில் சேரும். இதை முதலில் வாசித்தபோது வருமானத்துக்குப் போட்ட எல்லை என்றுதான் நினைத்தேன். ஸ்காபரோவில் நெடுங்காலமாக இந்த வேலை செய்யும் ஒரு அக்காவிடம் தொழில் பழகப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "நெருப்பு மணி அடிச்சால் எத்தினை பேரைத் தூக்குவீர்?"

போவதற்கு முன் கடதாசி வேலைகள் இருந்தன. சிறுவர்களோடு வேலை செய்பவர்களுக்கான பொலிஸ் பரிசோதனை, கைக்குழந்தைக்கான சி.பி.ஆர். அடங்கிய முதலுதவிப் பயிற்சி, தடுப்பூசி விபரம். என் வீட்டில் பிள்ளை பார்க்கத் தொடங்கும்போது, 18 வயதுக்கு மேற்பட்ட ஆட்கள் அங்கே இருந்தால் அவர்களுக்கும் பொலிஸ் பரிசோதனை வேணும். இவற்றை யாரும் செய்து முடிக்கலாம். பழக வேண்டியது வேலையின் செய்முறையை.

தை மாதக் குளிரில் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் அக்கா புகை மணியை அமத்தினார். அவருடைய ஏஜென்சி மாதாமாதம் இந்தப் பயிற்சியைக் கேட்கும். மிகச் சின்னப் பிள்ளையை நெஞ்சோடு கட்டும் பையில் போட்டார். அடுத்ததை இடுப்பில் ஏற்றினார். மூன்றாவது கைக்குழந்தை என்னிடம். நடக்கிற மூன்று பேரும் வளையம் வைத்த கயிற்றைப் பிடித்தார்கள். வாசல் கொழுவியில் தொங்கும் பையில் போர்வைகளும் வரவுப் பதிவும் பெற்றோரின் தொலைபேசி எண்களும் இருந்தன. கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளையின் எப்பிபென் எப்போதும் போல அக்காவின் இடுப்புப் பையில். நான் பனிச்சட்டைகளைத் தேடினேன். "சட்டை போட நிண்டால் புகை நிக்காது. போர்வையால சுத்தும், நடவும்" என்றார். எதிர்வீட்டு வாசலில் நின்று பெயர் கூப்பிட்டு எண்ணினோம். நான் இல்லாத நாட்களில் அந்த மூன்றாவது பிள்ளையை எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று கேட்டேன். கட்டிலடியில் இன்னொரு பை இருந்தது, முதுகில் போடுவதற்கு. மூன்றுக்கு மேல் நாலாவது என்று ஒன்று இருந்தால் அதை வைக்க உடம்பில் இடமே இல்லை.

நான் அதிகம் கற்றது பம்பர்ஸ் மாற்றும் மேசையில்தான். சட்டத்தில் இதற்குப் பெரிய விளக்கம் கிடையாது. செய்முறை முழுவதும் அடுக்கிலேயே இருக்கிறது. பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னரே புதிய பம்பர்ஸ் விரித்திருக்க வேண்டும். துடைக்கும் தாள்கள் தேவைக்கு வெளியே இழுத்து வைத்திருக்க வேண்டும். கிறீமை ஒரு தாளில் எடுத்து வைக்க வேண்டும், அழுக்குக் கை டப்பாவுக்குள் போகக் கூடாது. குப்பைப் பை வாய் திறந்து இருக்க வேண்டும். பிறகுதான் பிள்ளை. கிடத்தின நேரத்திலிருந்து தூக்கும் வரை அக்காவின் இடக்கை பிள்ளையின் வயிற்றை விட்டு எழும்பாது. டெலிபோன் அடித்தாலும், வாசல் மணி அடித்தாலும், மற்றப் பிள்ளை கத்தினாலும் அந்தக் கை அங்கேதான். முடிந்ததும் பிள்ளையின் கையைக் கழுவி இறக்கிவிட்டு, விரிப்பைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, அதன் பிறகு கிருமிநாசினி. அது போத்தலில் எழுதியிருக்கும் நேரம் வரை ஈரமாகக் கிடக்க வேண்டும். அடித்த உடனே துடைத்தால் கிருமி அப்படியே இருக்கும், வாசம் மட்டும் வரும். கடைசியில் நம்முடைய கை. இந்த வரிசை ஒரு நாளில் பலமுறை, ஒரு படியும் விடாமல்.

நித்திரை விஷயம் எங்கட ஆட்களோடு கதைக்கக் கஷ்டமானது. 12 மாதத்துக்குக் குறைந்த பிள்ளையை நிமிர்த்தித்தான் படுக்க வைக்க வேண்டும். கனடாவில் திடீர் சிசு மரணத்தைத் தடுக்க வெளியிட்ட கூட்டறிக்கையை ஒன்ராறியோ ஒழுங்குவிதி அப்படியே பின்பற்றச் சொல்கிறது. தொட்டிலுக்குள் தலையணை, பொம்மை, தடித்த போர்வை ஒன்றும் கூடாது. ஒரு அம்மம்மா வந்து, குப்புறப் போட்டால்தான் பிள்ளை நல்லா நித்திரை கொள்ளும், நாங்கள் எத்தனை பிள்ளைகள் வளர்த்தோம் என்றார். பிள்ளையின் கழுத்தில் பஞ்சாயுதச் சங்கிலி. அக்கா வாதாடவில்லை. "அம்மா, சங்கிலியை உங்கட கையாலயே கழட்டிக் கொண்டு போங்கோ. பின்னேரம் நீங்களே போட்டு விடுங்கோ. நித்திரையில கழுத்தை இறுக்கினால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது" என்றார். அம்மம்மா கழட்டினார். நிமிர்த்திப் படுக்கப் போடுவதையும் பிறகு அவர் கேட்கவில்லை.

நித்திரை கொள்ளும் பிள்ளையைப் பார்க்கக் கமரா இருந்தாலும் அது கண்ணுக்குப் பதிலாகாது; ஒழுங்குவிதி நேரில் போய்ப் பார்க்கச் சொல்கிறது. அறையை இருட்டாக்கக் கூடாது. வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதையும் அக்கா பார்த்ததாக ஏற்கமாட்டார். குனிந்து நெஞ்சு ஏறி இறங்குகிறதா, உதட்டு நிறம் எப்படி, பிடரி வியர்த்திருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே நின்று நேரத்தை எழுதுவார். நேரங்களை முன்கூட்டியே நிரப்பி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறும்: "பார்க்காததை எழுதினால் நாளைக்கு உம்மட எழுத்தை ஒருத்தரும் நம்ப மாட்டினம்."

மருந்து வந்த போத்தலிலேயே, பிள்ளையின் பெயரோடு, அளவும் நேரமும் எழுதிய பெற்றோரின் அனுமதியோடு வர வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் பூட்டுப் போட்ட ஒரு சின்னப் பெட்டி இருந்தது. திறப்பு அலுமாரிக்கு மேல். சாப்பாட்டிலும் இதே கவனம்: தொண்டையில் அடைக்காமலிருக்கத் திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும், குறுக்காக அல்ல.

வீட்டிலே பிள்ளை பார்க்கும் வேலைக்கு ஏன் இவ்வளவு காவல் என்று கேட்பவர்களுக்கு நான் 2013ஐச் சொல்வேன். அந்த ஆண்டு ஜூலையில் ரொறன்ரோவுக்கு வடக்கே வான் நகரில், லைசென்ஸ் இல்லாத ஒரு வீட்டுக் காப்பகத்தில் இரண்டு வயதுப் பிள்ளை வெப்பத்தில் காருக்குள் விடப்பட்டு இறந்தது. அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். முன்னரே முறைப்பாடுகள் போயிருந்தன. அடுத்த ஆண்டு மாகாண ஒம்புட்ஸ்மன் அந்திரே மறேன் 113 பரிந்துரைகளோடு அறிக்கை வெளியிட்டார். 2014இல் நிறைவேறிய புதிய சிறுவர் பராமரிப்புச் சட்டம் 2015இல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜனவரி 1 முதல் இன்னொரு கடமையும் சேர்ந்தது. வர வேண்டிய பிள்ளை வரவில்லை, பெற்றோரும் சொல்லவில்லை என்றால், நாங்கள்தான் அழைத்துக் கேட்க வேண்டும். வேலை நினைப்பில் அப்பா பிள்ளையைப் பின் சீற்றில் மறந்து போயிருக்கலாம். பல நாட்களில் "அம்மம்மாவோட நிக்கிறாள்" என்ற பதில்தான் வரும். அக்கா அடுத்த முறையும் அழைப்பார்.

லைசென்ஸ் இல்லாமலும் சட்டப்படி ஐந்து பிள்ளைகள் வரை பார்க்கலாம். எங்கட பெண்கள் பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள், அன்பாகவும் பார்க்கிறார்கள். ஆனால் ஏஜென்சியின் ஹோம் விசிட்டர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது முன்னறிவித்தல் இல்லாமல் வந்து அலுமாரியைத் திறந்து பார்ப்பது எனக்குப் பெரிய துணை. தனியாக ஆறு பிள்ளைகளோடு நிற்பவளுக்குத் தன் வீட்டின் ஆபத்து பழகிப் போய்விடும். ஆங்கிலப் படிவங்களுக்குப் பயந்து பலர் இதை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையான மனவருத்தம். படிவத்தைத் தமிழில் விளக்க ஒரு ஆள் இருந்தால் அவர்களில் எத்தனையோ பேர் வருவார்கள்.

இப்போது என் வீடும் அனுமதி பெற்றிருக்கிறது. உறவினர் அன்போடு தந்த, பக்கம் இறங்கும் பழைய தொட்டிலை நான் வைக்கவில்லை; அந்த வகையை கனடா 2016 முடிவில் தடை செய்துவிட்டது. பிள்ளை விட விசாரிக்க வரும் தாய்மாரை நான் கதிரையில் இருத்திக் கதைப்பதில்லை. குசினிச் சிங்கின் கீழே, நித்திரை அறை, புகை மணி எல்லாம் அவர்களையே பார்க்கச் சொல்கிறேன். ஏஜென்சியின் பெயரைக் கொடுத்து, அமைச்சின் இணையத்தளத்தில் தேடிப் பார்த்துவிட்டுக் கேள்விகளோடு திரும்பி வரச் சொல்கிறேன். கேள்வியோடு வரும் தாயோடுதான் எனக்குக் கதைக்க விருப்பம்.